இலைக்குப் பல் பிடுங்கியவள்

என் வீட்டுக்காரர் மனிதர்களுக்குப் பல் பிடுங்குகிறவர். நான் கல்லுக்குள் கிடக்கும் இலைகளைச் சுத்தம் செய்கிறவள். அவருடைய கிளினிக்கில் முனை மழுங்கிய கொக்கிகளையும் ஊசிகளையும் கழித்துப் போடும்போது நான் பொறுக்கிக்கொண்டு வந்து, சாணை பிடித்து, மியூசியத்தில் என் மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்வேன். இவரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு வந்த உருப்படியான லாபம் இது ஒன்றுதான் என்று அடிக்கடி சொல்லிக் காட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே பேப்பரைப் புரட்டுவார். சுரணை கொஞ்சம் கம்மி.

அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், அதே மியூசியத்தில் ஆராய்ச்சியாளர். வெளியே அவளுக்குப் பெரிய பேர். மேடையேறிப் பேசினால் ஜனம் எழுந்து நின்று கை தட்டும். வீட்டில் அவள் பாப்பா. நாற்பதைத் தாண்டியும் பாப்பாதான். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். அடுப்பு ஒன்று, வண்டி ஒன்று, சண்டைக்கும் சமாதானத்துக்கும் கூடம் ஒன்று. குவாரியிலிருந்து வரும் கற்களைப் பிளந்து, இலையை மூடியிருக்கும் கல் பொடியை ஊசியால் தள்ளி, இலை முழுசாகத் தெரியும்படி நான் செய்து கொடுப்பேன். அவள் அதைப் படிப்பாள்.

இலையில் என்ன படிப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சில மரங்களின் இலை ஓரம் வழவழவென்று இருக்கும். சிலவற்றின் ஓரம் ரம்பம் போலப் பல் பல்லாக இருக்கும். வெயில் காயும் நாட்டுக் காடுகளில் வழவழ ஓரக்காரர்கள்தான் அதிகம். குளிர் கூடக்கூடப் பல்லுள்ள மரங்களின் கூட்டம் பெருகிக்கொண்டே போகும். ஏன் அப்படி என்றால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஆனால் இன்றைக்கு உலகத்துக் காடுகளில் போய்ப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் ஒரு பழைய ஏரியின் அடியில் கல்லாகிப் போன இலைகளைச் சேர்த்து, எத்தனை வகை மரங்களுக்குப் பல் இருந்தது, எத்தனைக்கு இல்லை என்று பார்த்தால், மனிதப் பூண்டே இல்லாத அந்தக் காலத்தில் அங்கே எவ்வளவு சூடு இருந்தது என்று சொல்லிவிடலாம். இலைதான் அந்தக் காலத்துத் தெர்மாமீட்டர்.

எங்கள் குவாரி இருக்கும் மலையில் இன்றைக்குக் காலை நேரத்தில் புல் நுனியில் பனி உறைந்து நிற்கும். அதே இடத்தில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது, அதைச் சுற்றிப் பனியே காணாத வெப்பக் காடு இருந்தது என்று பாப்பா கண்டுபிடித்துச் சொன்னாள். அவள் உழைத்த உழைப்பெல்லாம் சேர்ந்து அந்த ஒரு முடிவில் வந்து நின்றது. அதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வரத்தான் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்த காலையில் கீழே இறங்கி வந்து டீ குடித்தாள். குடித்த கப்பைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. எங்கள் பாப்பா கப்பைக் கழுவினால் வீட்டில் ஏதோ இடி விழப்போகிறது என்று அர்த்தம்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது."

கோபப்படுவதும் படாததும் கேள்வியைப் பொறுத்தது என்றேன். அவள் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூட்டத்தில் நடந்ததை மென்று விழுங்கிச் சொன்னாள். அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். எண்களில் புலி. நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பேர் கணக்குப்புலி. அவர் எழுந்து நின்று, இந்த இலைகளையெல்லாம் சுத்தம் செய்தது யார் என்று கேட்டிருக்கிறார். முதலில் ஒருவர் செய்தார், அவர் ஓய்வு பெற்ற பிறகு என் அண்ணி செய்கிறார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் கைப்பட்ட இலைகளையும் பிரித்துப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டாராம். இவள் பார்க்கவில்லை. அங்கேயே, இடைவேளையில், இருவருமாக உட்கார்ந்து அவள் கொண்டுபோன பட்டியலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பழையவர் சுத்தம் செய்த கற்களில் கிட்டத்தட்டப் பாதி மரங்களுக்குப் பல் இருந்தது. என் கற்களில் பல் என்பது தேடித்தான் பார்க்கவேண்டும் என்கிற அளவுக்கு இருந்தது.

"கைக்குக் கை பல்லு மாறுதுன்னா, நீங்க அளந்தது அந்தக் காலத்து வெயிலையா, உங்க அண்ணியோட கையையான்னு கேட்டாரு."

அந்தப் பற்கள் கடுகளவுதான் இருக்கும். கல் பொடியைத் தள்ளுகிறேன் என்று ஊசியை ஓரத்தோடு ஓட்டினால், கல்லோடு கல்லாகப் பல்லும் போய்விடும். ரம்பம் போல இருந்த இலை வழவழவென்று ஆகிவிடும். குளிர்நாட்டு இலை வெப்பநாட்டு இலையாகிவிடும். அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அந்த ஏரியின் இலைகள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போயிருக்கின்றன.

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். ஒரே வீட்டில் இரண்டு பல் டாக்டரா என்று கேட்டார். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து அவரைப் பார்த்த பார்வையில், மனிதர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு நான் பாப்பாவிடம் நேராகவே கேட்டேன். என் கைதான் காரணம் என்று ஆகிவிட்டால் என்ன செய்வாய்?

"சொன்ன முடிவைத் திரும்ப வாங்கிக்குவேன்."

"என் பேரைச் சொல்லுவியா?"

அவள் மேஜையைப் பார்த்தாள். "சொல்லித்தான் ஆகணும் அண்ணி. மறைச்சா அது ஆராய்ச்சியே இல்ல."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. அது நியாயமில்லாத கோபம் என்று தெரிந்துதான் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நியாயம் தெரிந்தால் கோபம் போய்விடுமா என்ன? பாத்திரத்தை டம் டம் என்று வைத்தேன். வண்டியில் போகும்போது அவள் ரோட்டைப் பார்த்து ஓட்ட, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. இலையின் நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் கிளம்பி ஓரத்தை நோக்கிப் போகும் அல்லவா, அவை போய்ச் சேரும் விதம் இலைக்கு இலை வேறு. பல்லுள்ள இலைகளில் பெரும்பாலும் பக்க நரம்பு நேராக ஓடிப் பல்லின் நுனிக்குள் போய் முடியும். வழவழ ஓரம் உள்ளவற்றில் அது ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே மேல் பக்கம் வளைந்து, அடுத்த நரம்போடு கை கோத்துக்கொள்ளும். ஊசி பல்லை வேண்டுமானால் தின்றுவிடலாம். உள்ளே இருக்கும் நரம்பின் போக்கை அதனால் மாற்ற முடியாது. விளக்கைச் சாய்த்து வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஊசிக் கீறல் எங்கே பட்டிருக்கிறது என்பதும் தெரியும். நேராக வந்த நரம்பு கீறலுக்கு முன்னால் திடுக்கென்று அறுந்து நின்றால், அங்கே பல் இருந்தது, நான் பிடுங்கிவிட்டேன் என்று அர்த்தம்.

நான் சுத்தம் செய்த ஒவ்வோர் இலையையும் அப்படிப் பார்க்கப்போவதாகப் பாப்பா சொன்னாள். நான் பக்கத்தில் இருக்கக் கூடாதாம், கல் அடுக்கிய ஒரு தட்டையும் தொடக் கூடாதாம். அதுவும் நியாயம்தான். குற்றம் சாட்டப்பட்டவளே கோர்ட்டில் உட்கார்ந்துகொண்டு சாட்சியைத் துடைத்துக் கொடுக்க முடியுமா? அவள் அறைக் கதவு மூடியது. தட்டுகளைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் மட்டும் திறந்தது.

நான் எதிர்ப்பக்கம் என் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். புதுக் கல் எதையும் எடுக்க மனம் வரவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கை சரியில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை. முதலில் வீம்பாகத்தான் இருந்தேன். வரட்டும், பார்க்கட்டும், கணக்குப்புலியின் முகத்தில் கரி பூசுகிறேன் என்று மனசுக்குள் வசனம் பேசிக்கொண்டிருந்தேன். நேரம் போகப் போக வசனம் வற்றிவிட்டது. கண் சொக்கிய மத்தியானங்கள் இருந்திருக்கின்றன. ஊசி ஒரு இழை உள்ளே போன நாட்கள் இருந்திருக்கும். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததுதான் பயமாக இருந்தது. தெரிந்து செய்த தப்பென்றால் எத்தனை என்றாவது தெரியும். இதற்கு அளவே இல்லை.

வீட்டில் சாப்பாட்டு நேரம் சாவு வீடு மாதிரி இருந்தது. பாப்பா கண் சிவந்து இறங்கி வருவாள். நான் பரிமாறுவேன். எதுவரை பார்த்தாய் என்று நான் கேட்பதில்லை, முடியும்வரை சொல்லமாட்டேன் என்று அவளும் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தாள். என் வீட்டுக்காரர்தான் நடுவில் மாட்டிக்கொண்டு விழி பிதுங்கினார். ஒரு நாள் மத்தியானம் மியூசியத்துக்கே வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். ஏதாவது ஜோக்கடித்தால் கொக்கியாலேயே குத்துவேன் என்றேன். அவர் ஜோக்கடிக்கவில்லை.

"நல்ல பல்லை எப்பவாவது தப்பாப் பிடுங்கியிருப்பேனான்னு நானும் நெனச்சுப் பாத்திருக்கேன். நெனச்சா அன்னிக்குத் தூக்கம் வராது. காலைல எழுந்து கிளினிக்கைத் தொறந்துடுவேன்."

இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் இதைச் சொன்னதில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அவருக்குச் சுரணை கம்மி என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கீழ்த்தளத்துக் கிடங்கிலிருந்து மிச்சத் தட்டுகளை எடுத்துவர வேண்டியிருந்தது. என் கற்கள் ஒவ்வொன்றும் குழவிக்கல் கனம். பாப்பா ஒரு தட்டைத் தூக்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்க மட்டும் உதவி செய்யுங்கள் அண்ணி என்று கூப்பிட்டாள். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தூக்க மட்டும் கூப்பிடுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டது.

"கனக்குதா? நல்லாக் கனக்கட்டும். கஷ்டமான கல்லையெல்லாம் என் தலையில கட்டினது யாரு? அந்த மனுஷன் தட்டினாப் பிரியற கல்லாப் பாத்துப் பொறுக்கிக்கிட்டாரு. உடையாததையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டாரு. அதையெல்லாம் முட்டி தேய உடைச்சது நானு. இப்பப் பல்லு எண்ண வந்துட்டாங்க."

இன்னும் நிறைய வைத்திருந்தேன். ஆனால் பாப்பா குனிந்து என் தட்டிலிருந்த கல்லைத் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பழையவருடைய தட்டு ஒன்றை இழுத்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவருடைய கற்கள் வெளிறிய சாம்பல் நிறம், அப்பளமாய் மெல்லிசு, ஓரத்தில் மணல் நெருநெருவென்று இருந்தது. என்னுடையவை கறுப்பு, தடிமன், மணல் என்பதே இல்லை. நாங்கள் இருவரும் அந்தக் கற்களைத் தினமும் பார்க்கிறவர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்ததில்லை. தட்டுகள் எப்போதும் சுத்தம் செய்தவர் வாரியாகத்தான் அடுக்கியிருக்கும், அவருடையது ஒரு சுவர், என்னுடையது எதிர்ச் சுவர்.

"அண்ணி, இந்த மணல் கல்லெல்லாம் ஓடை வந்து ஏரியில விழற இடம்" என்றாள்.

மேற்கொண்டு அவள் சொல்லவேண்டியதே இல்லை, எனக்கும் புரிந்துவிட்டது. ஓடைக்கரையில் நிற்கும் மரங்களுக்கு எந்த ஊரிலும் பல் கொஞ்சம் அதிகம்தான். வெயில் கொளுத்துகிற நாட்டிலும் தண்ணீர் ஓரத்தில் பல்லுள்ள இலைகள் கூடுதலாக இருக்கும். எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பழையவர் தட்டினால் பிரிகிற மெல்லிய கல்லாகத் தேடித் தேடி எடுத்தபோது, தன்னை அறியாமல் ஓடைக்கரை மரங்களாகவே பொறுக்கியிருக்கிறார். எனக்கு வந்த முரட்டுக் கறுப்புக் கல் ஏரியின் நடு ஆழத்தில் படிந்த சேறு. அதில் விழுந்தவை சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து காற்றில் பறந்து வந்த இலைகள். மாறியது கை இல்லை, இடம்.

நான் மூச்சை விட்டேன். ஆனால் பாப்பா பாப்பாதான். இதை மட்டும் வைத்துக் கணக்குப்புலி வாயை அடைக்க முடியாது, நரம்பைப் பார்த்து முடிக்கட்டும் என்று மறுபடியும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிடைத்த பாதி நிம்மதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் மறுபடியும் என் மேஜையில் காத்திருந்தேன். பாதி நிம்மதி கொடுமையானது, முழுப் பயத்தோடாவது பழகியிருந்தேன்.

ஒருவழியாக ஒரு சாயங்காலம் கதவு திறந்தது. வாங்க அண்ணி என்று கூப்பிட்டாள். அறை முழுக்க, மேஜையில், சேரில், தரையில் எல்லாம் என் கற்கள் பரந்து கிடந்தன. அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஆனால் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். நரம்பு ஓரத்துக்குப் போவதற்கு முன்பே அழகாக வளைந்து அடுத்ததோடு சேர்ந்திருந்தது. அவள் கல்லை மாற்றினாள். அதிலும் வளைந்திருந்தது. இன்னொன்று, மற்றொன்று. எல்லா இலையிலும் நரம்புகள் ஒன்றுபோலக் கை கோத்துக்கொண்டு நின்றன. அந்த ஓரங்களில் பல் என்றைக்குமே இருந்ததில்லை.

"உங்க கை சுத்தம் அண்ணி" என்றாள்.

தரையில் கற்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். பிறகு எதற்கென்று தெரியாமல் சிரிப்பும் வந்தது. ஓடைக் கல்லைத் தனியே பிரித்துவிட்டதால் அவள் முடிவும் பிழைத்துக்கொண்டது என்று பாப்பா சொன்னாள். சரிவுக் காட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் முன்பு சொன்னதைவிட இன்னும் கொஞ்சம் சூடாகவே அந்த இடம் இருந்திருக்கிறதாம். திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

துடைக்கத் துணி வேண்டியிருந்தது. கைக்கு எட்டிய அவள் மேஜை டிராயரை இழுத்தேன். பாப்பா "அதுல இல்ல அண்ணி" என்று அவசரமாக எழுந்தாள். அதற்குள் திறந்துவிட்டேன். உள்ளே மெல்லிய காகிதத்தில் சுற்றி ஒரு கறுப்புக் கல் இருந்தது.

கிளினிக் கொக்கியின் கீறல் எனக்குத் தெரியாதா? கல்லை எடுத்து விளக்குக்கடியில் வைத்துப் பார்த்தேன். பக்க நரம்புகள் நேராக, அம்பு மாதிரி ஓடி வந்து, ஓரத்தில் கீறலுக்கு முன்னால் அறுந்து நின்றன. ஒரு பக்கம் முழுக்க அப்படி. அந்த ஓரம் வழவழவென்று இருந்தது. வழவழப்பு என்னுடையது.

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி. அதே மரத்து இலை பல்லோட வேற கல்லுல இருக்கு. கணக்கு துளிகூட மாறாது."

"மாறாதுன்னா எதுக்கு ஒளிச்சு வச்ச?"

சின்னப் பிள்ளை மாதிரி டிராயர் கைப்பிடியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"இதை எழுதினா உங்க பேரு வரும்."

மறைத்தால் அது ஆராய்ச்சியே இல்லை என்று அன்றைக்கு என் முகத்துக்கு நேரே சொன்னவள். எந்த மேடையிலும் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காதவள். அவள் எனக்காக ஒரு கல்லைக் காகிதத்தில் சுற்றித் திருடி வைத்திருந்தாள். அவள்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எந்தப் பக்கமாகப் போனதென்றே தெரியவில்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கையெல்லாம் கல் பொடியாக இருந்ததால் பிடித்துக்கொள்ளவில்லை.

இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கெட்டுப்போன இலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு முழுசாக அடங்கியது. அதுவரை என் பயத்துக்கு அளவில்லாமல் இருந்தது. இப்போது அளவு தெரிந்துவிட்டது. உள்ளங்கை அகலம், ஒரு பக்க ஓரம், அவ்வளவுதான். அந்த மரத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். நாளைக்குக் காலையில் போய் அடுத்த கல்லை எடுக்கலாம்.

கல்லை மற்றத் தட்டுகளோடு வைத்துவிட்டு, எழுது என்றேன். வேண்டாம் என்றாள். நீ எழுதாவிட்டால் கணக்குப்புலிக்கு நானே போன் பண்ணிச் சொல்லுவேன் என்றேன். செய்யக்கூடியவள்தான் என்று அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஓர் இலையின் ஓரம் சுத்தம் செய்யும்போது சேதமடைந்திருக்கிறது என்று தட்டிவிட்டு நிறுத்தினாள். யாரால் என்பதையும் போடு என்று நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

என் முழுப் பேரையும் தட்டினாள். அதோடு நிறுத்தாமல், மற்ற இலைகள் எல்லாவற்றையும் ஒரு குறையும் இல்லாமல் சுத்தம் செய்து கொடுத்தவரும் இவரே என்று இன்னொரு வரி சேர்த்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் எழுதியவை எத்தனையோ அச்சாகியிருக்கின்றன. ஒன்றிலும் என் பேர் வந்ததில்லை. சுத்தம் செய்கிறவர்கள் பேரைப் போடுகிற பழக்கம் எங்கேயும் கிடையாது, நானும் கேட்டதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை. அத்தனை இலைகளை ஒழுங்காகச் செய்து கொடுத்ததற்கு வராத பேர், ஒரே ஓர் இலையைக் கெடுத்ததற்கு வந்துவிட்டது.

அவளுக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். திரையைப் பார்த்தபடியே காதுவரை சிவந்துபோனாள். நான் குனிந்து, பேரில் எழுத்து ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று ஒரு முறை சரி பார்த்துக்கொண்டேன்.